ஆடி மாதம் தாங்கும் கணக்கு

வலங்கைமான்
24.9.2025

அன்புள்ள சண்முகம்,

இங்கே அனைவரும் நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம். வேறு ஏதாவது சொன்னால் கண்டுபிடித்துவிடுவாய்.

மில் வேலையை விட்டுவிட்டு மறுபடி நாகஸ்வரத்தைக் கையில் எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். என்னோடு வாசிக்கும் சாமிநாதன் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உதடு இன்னும் இருக்கிறதா அவனுக்கு?" என்று கேட்டார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. எனக்கும்தான். ஆனால் போன வாரம் நடந்த ஒன்றால் உன்னை நினைத்துக் கொஞ்சம் கலங்கிவிட்டேன்.

ஐப்பசி கடைசியில் ஒரு கல்யாணம். முன்பணம் ஐயாயிரம் போட்டுவிட்டோம் என்று பெண் வீட்டார் போன் செய்தார்கள். என் தவிலின் வலந்தலைக்கு, அதாவது வலப்பக்கத்துக்கு, தோல் மாற்றக் கொடுத்திருந்தேன்; அந்தக் கூலியைக் கொடுக்க ஏடிஎம்முக்குப் போனால் இருப்பு 3,230 ரூபாய்! யாரோ திருடிவிட்டான் என்றே நினைத்தேன். வங்கியில் போய்க் கேட்டால், திருடியது அவர்கள்தான், ரசீதோடு.

தனியார் பள்ளியில் இரண்டு வருடம் தவில் சொல்லிக் கொடுத்தேன் அல்லவா? அப்போது சம்பளத்துக்காக அவர்களே திறந்து கொடுத்த கணக்கு அது. சம்பளம் வந்துகொண்டிருந்தவரை காலணா இல்லாவிட்டாலும் கேள்வி கிடையாது. வேலை போய்ச் சில மாதம் சம்பளம் வராமல் நின்றதும் அது தானாகச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிட்டதாம். மாதச் சராசரி இருப்பு பத்தாயிரம் வேண்டுமாம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்துக்கும் தலா 500 ரூபாய் அபராதம், அதற்கு ஜிஎஸ்டி 90. அபராதத்தால் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதனால் வெறும் கணக்கைத் தொடாமல் காத்திருந்து, முன்பணம் வந்து விழுந்ததும் எடுத்துக்கொண்டார்கள். குறுஞ்செய்தி அனுப்பினோம் என்றார்கள். அனுப்பியிருப்பார்கள். கடன் வேண்டுமா என்று கேட்கும் நூறு செய்திகளுக்கு நடுவில் அதை யார் பார்த்தது?

இந்தச் சராசரி என்பது நம் தாளக் கணக்கைவிட மோசம். ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்கிறார்கள். முப்பது நாள் மாதத்தில் மூன்று லட்சம் ஒரே ஒரு நாள் கிடந்தாலும் போதும், மீதி 29 நாளும் வெறுமையாக இருக்கலாம். சங்கீர்ண ஜாதி துருவம் என்ற நீண்ட தாளத்தில் 29 அட்சர எண்ணிக்கைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல! மூன்று லட்சத்துக்கு நான் எங்கே போவேன்? ஆவணியில் வருவது அன்றிரவே தாளம் போடும் பையனுக்கும் வேன்காரருக்கும் பிரிந்துவிடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே இல்லை. நம் வருமானம் பஞ்சாங்கம் பார்த்து வருகிறது, அபராதம் மாதாமாதம் வருகிறது.

இதில் என் வீட்டுக்காரிக்குத்தான் கொண்டாட்டம். 2014இல் அவள் ஜன்தன் கணக்கு திறந்தபோது "ஏழைகள் கணக்கு" என்று நான் கிண்டல் செய்தேன். பதினோரு வருடமாக அதில் இருப்பு குறைந்ததென்று ஒரு ரூபாய் பிடித்ததில்லை. பாஸ்புக்கை எடுத்து வந்து என் முன்னால் விரித்து வைத்தாள். பேசாமல் காபி குடித்தேன்.

பிறகு நாலு இடம் ஏறி இறங்கினேன். குறைந்தபட்ச இருப்பே வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மாதம் நான்கு முறையாவது கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் என்ன என்று அந்தந்த வங்கியில் கேட்டுக்கொள். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கும் வைத்துக்கொள்ள முடியாது. முகூர்த்த மாதத்தில் நான் நாலு நாளைக்கு நாலு முறை எடுப்பவன், எனக்கு அது சரிப்படாது. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பை எடுத்துவிட்டது. இந்தியன் வங்கியும் இந்த ஜூலையில் எடுத்துவிட்டது. வீட்டுக்குப் பக்கம் என்பதால் இந்தியன் வங்கியில் திறந்தேன். வட்டி சொற்பம்தான். என்னிடம் தங்குகிற பணத்துக்கு வட்டி எவ்வளவாக இருந்தால் என்ன? ஆடிக்கென்று ஒதுக்குவதை மட்டும் தபால் நிலையத்தில் போடுகிறேன். அங்கே ஐந்நூறு ரூபாய் விட்டு வைத்தால் போதும், வட்டி நான்கு சதவீதம். பழைய கணக்கை எழுதிக் கொடுத்து மூடிவிட்டேன்.

மாப்பிள்ளை, மில்லில் உனக்கிருப்பதும் சம்பளக் கணக்குதானே? கடைசிச் சம்பளம் வந்த வாரமே போய் இனி அது என்ன கணக்கு, எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேள். பிஎஃப் பணம் அதில் வந்து விழும்வரை மூடிவிடாதே. வந்ததை மொத்தமாக எடுத்து, ஊதுகிற சீவாளி, புது வாத்தியம் என்று கரைத்துவிடாதே. பெரியவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வருடம் இது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று தங்கச்சி சிரிக்கும், சிரிக்கட்டும்.

ஐப்பசிக் கல்யாணத்துக்கு இரண்டாவது நாகஸ்வரம் இன்னும் பேசவில்லை. அண்ணன் உன் பெயரைச் சொன்னார். வருகிறாயா என்று உடனே எழுது. உன் பங்கைக் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், எந்தக் கணக்கிலும் போடமாட்டேன்.

அன்புடன்,
கலியமூர்த்தி