சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகும் நாக்பூரிலேயே தங்கிவிட நீ முடிவு செய்திருப்பதையும், உன்னிடம் படித்த மாணவர்கள் மூவர் தங்கள் கல்லூரியில் ஒரு வேதப்பாடக் குழு தொடங்க உன் உதவியைக் கேட்டிருப்பதையும் வாசித்து மனம் நிறைந்தது. அந்தக் குழுவை நீயே முன்னின்று நடத்தலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருப்பேன். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின என்பதால், நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் மாணவர்களாக இருந்தபோது விடுதிக்குப் பின்னால் இருந்த துவைகல்லில் உட்கார்ந்து விடியற்காலையில் ஜெபித்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நம்மை அங்கே கூட்டியவர் எவருமில்லை. ஊரிலிருந்த பட்டதாரி அண்ணன்மார் மாதத்தில் ஒரு நாள் வந்து, நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு, கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இ.யூ. (இவாஞ்சலிக்கல் யூனியன்) என்ற கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர் அமைப்பு மாணவர்களுடையது, பட்டதாரிகள் அதற்குத் துணை நிற்பவர்கள் மட்டுமே என்பதை அவர்கள் சொல்லித் தரவில்லை, அப்படியே நடந்துகொண்டார்கள். 1954-இல் இந்த இ.யூ.க்களின் இந்திய அளவிலான ஐக்கியமாக யூ.இ.எஸ்.ஐ. உருவான நாள் முதல் இந்த முறைதான் அதன் உயிராக இருந்திருக்கிறது என்பதை நான் பின்னாளில்தான் புரிந்துகொண்டேன்.

புரிந்துகொண்ட பிறகும் தவறினேன் என்பதே என் வருத்தம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அருகிலுள்ள பொறியியல் கல்லூரி மாணவர்களுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மாடியைத் திறந்துவிட்டேன். முதல் ஆண்டில் எட்டுப் பேர் வந்தார்கள். அவர்கள் பாடுவது சுருதி சேரவில்லை என்று நானே பாடல் நடத்த ஒருவரை ஏற்பாடு செய்தேன். அவர்கள் வேதப்பாடம் தயாரிப்பதில் சிரமப்படுகிறார்கள் என்று நல்ல பிரசங்கிமாரை அழைத்து வந்தேன். நாற்காலிகள், ஒலிபெருக்கி, திரை, தேநீர் என்று எல்லாம் என் பொறுப்பில் வந்துசேர்ந்தன. இரண்டாம் ஆண்டின் இறுதியில் முப்பது பேருக்குமேல் வந்தபோது நான் கர்த்தரைத் துதித்தேன். ஆனால் அந்த முப்பது பேரில் ஒருவனுக்குக்கூட அருகில் உட்கார்ந்திருப்பவனின் கவலை என்னவென்று தெரியாது. மூன்றாம் ஆண்டில் மூத்த மாணவர்கள் படிப்பை முடித்துப் போனதும், ஜூலை மாதத்தில் மாடியில் நான்கு பேர்தான் இருந்தார்கள். நடத்த ஆளிருந்தும் நடத்தக் கற்றவர் இல்லை.

அந்த நான்கு பேரில் ஒரு மாணவி, மிகுந்த மரியாதையோடு, “அங்கிள், ஒரு மாதம் நாங்களே நடத்திப் பார்க்கட்டுமா?” என்று கேட்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் மாடிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அதன்பின் நடந்ததில் ஒரு மாலையை மட்டும் சொல்கிறேன். மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம். நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்குகிற பகுதி. நாம் அந்நாளில் செய்ததுபோலவே, பகுதி என்ன சொல்கிறது, அதன் பொருள் என்ன, நான் செய்யவேண்டியது என்ன என்று மூன்று கேள்விகளோடு ஆரம்பித்தார்கள். கட்டடவியல் படிக்கும் பையன் ஒருவன், பிரித்த கூரையை யார் சரிசெய்து கொடுத்திருப்பார்கள் என்று கேட்டான். எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தன. பாலஸ்தீன வீடுகளின் தட்டைக் கூரையைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பேன். வாயைத் திறக்காமல் இருந்தேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியிராத ஓர் இரண்டாமாண்டு மாணவன், தன் அறையில் இருப்பவன் அரியர் விழுந்த செய்தி வந்ததிலிருந்து இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றும், வீட்டுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறான் என்றும், தன்னால் தனியாக அவனைத் தூக்க முடியவில்லை என்றும் சொன்னான். தூக்க முடியவில்லை என்ற அதே சொல்லைத்தான் சொன்னான். வேதப்பாடம் அத்தோடு நின்றது. நான்கு பேர் எழுந்து, விடுதிக் கதவு அடைக்கும் முன்பாக இட்லிப் பொட்டலத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பையன் கிறிஸ்தவன் அல்லன். அவனிடம் அவர்கள் அன்று வேதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனுடைய தகப்பனாருக்குப் போன் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை மனநல ஆலோசகரிடம் கூட்டிச் சென்றார்கள். நான் அழைத்து வந்த எந்தப் பிரசங்கியாரும் அந்த அறைக் கதவைத் தட்டியிருக்க முடியாது.

இன்னொன்றையும் அவர்களாகவே செய்தார்கள். நம் மாவட்டத்தில், ஊரையும் சபை வட்டாரத்தையும் விசாரித்து, “எந்த ஊர், எந்தச் சேகரம்?” என்று கேட்பது பல நேரங்களில் சாதியை அறிவதற்காகத்தான் என்பது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புதிதாக வருகிற எவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று மாணவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாகச் சபைக்குள் இருக்கும் நான் அந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தபோது வெட்கப்பட்டேன்.

வரலாற்றைப் பார்த்தாலும் இது புதிதில்லை. 1806-இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர், மழைக்கு ஒதுங்கிய வைக்கோற்போரின் அடியில் ஜெபித்தார்கள். அந்த ஜெபத்தின் தொடர்ச்சியாக 1810-இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் எழுந்தது. 1834-இல் அதே சங்கத்தார் மதுரையில் பணி தொடங்கினார்கள். அந்த மிஷனிலிருந்துதான் 1881-இல் அமெரிக்கன் கல்லூரி பிறந்தது. நம் மதுரை நண்பர்கள் பட்டம் வாங்கிய கட்டடங்களின் அடியில் அந்த வைக்கோற்போர் இருக்கிறது என்றே நான் நினைத்துக்கொள்வேன். 1877-இல் கேம்பிரிட்ஜில் பல கல்லூரிகளின் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் கிறிஸ்தவ ஐக்கியத்தை அமைத்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே.

அப்படியானால் மூத்தவர்களுக்கு வேலையே இல்லையா என்று நீ கேட்பாய். இருக்கிறது, முன்னைவிட அதிகமாகவே இருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த நம் அசரியா அத்தியட்சர், அத்தியட்சர் (பேராயர்) ஆவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பாக, 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிமாரைப் பார்த்து, அவர்கள் செய்த தியாகங்களையெல்லாம் நன்றியோடு சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வேண்டினார். இன்றைய மாணவர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நம்மிடம் கேட்பது அதைத்தான். பிரசங்கத்துக்கு அவர்களுக்குக் குறைவில்லை; கைப்பேசியைத் திறந்தால் நாளெல்லாம் பிரசங்கம். ஆசீர்வாதத்தைச் சம்பளக் கணக்கில் அளக்கிற உபதேசமும் அதன் வழியாகவே வருகிறது. அதைக் கேட்டுக் குழம்பியவன் தன் சந்தேகத்தைப் பயமின்றிக் கேட்பதற்கு ஒரு வீடு வேண்டும். இப்போது நான் செய்வது அவ்வளவுதான். மாடியில் பின்வரிசையில் உட்காருகிறேன். கேட்டால் பதில் சொல்கிறேன். தேர்வு நாட்களில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். என் மனைவி, உன் தங்கை, ஞாயிறு மதியம் இரண்டு படி அரிசி கூடுதலாக வடிக்கிறாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மூத்தவனாக உறுதியாகப் பேசியிருக்கிறேன். வேறு மார்க்கத்துக் குடும்பத்திலிருந்து ஒரு மாணவன் விசுவாசத்தைப் பற்றி ஆர்வத்தோடு கேட்க ஆரம்பித்தபோது, இவர்கள் உற்சாகத்தில் அவனை அவசரப்படுத்தப் பார்த்தார்கள். அவன் தன் பெற்றோரிடம் மறைத்து எதையும் செய்யும்படி நாம் காரணமாகக் கூடாது, அவன் கேள்விகளுக்கு ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லவும் பொறுமை வேண்டும், அவன் எந்த முடிவுக்கு வந்தாலும் நம் நட்பு மாறக்கூடாது என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். அவன் இன்றும் சனிக்கிழமைகளில் வருகிறான்.

உன் மூன்று மாணவர்களும் மூன்று மாநிலத்தவர்கள் என்று எழுதியிருந்தாய். பாடலும் ஜெபமும் இந்தியில் இருக்கட்டுமா, ஆங்கிலத்தில் இருக்கட்டுமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். உன் வீட்டில் கூடுவதைவிடக் கல்லூரிக்குள்ளேயே, நிர்வாகத்திடம் முறையாக அனுமதி பெற்று, ஒரு வகுப்பறையிலோ மரத்தடியிலோ கூடுவது நல்லது என்பது என் எண்ணம். தன் அறைத்தோழனைத் தயக்கமின்றி அழைத்துவர அப்போதுதான் முடியும். முதல் ஆறு மாதம் மூன்று பேர் மூன்று பேராகவே இருந்தாலும் நீ கலங்கி உள்ளே புகுந்துவிடாதே.

ஒரு வேண்டுகோள். அன்று இட்லிப் பொட்டலத்தோடு ஓடிய நால்வரில் ஒருவனுக்கு நாக்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேருகிறான். இந்தி தெரியாது, அந்த ஊரில் அவனுக்கு எவரையும் தெரியாது. உன் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். ரயில் எண்ணை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்து, முதல் ஞாயிறு உன் வீட்டில் சாப்பிட வை. மீன்குழம்பு என்றால் அவனுக்கு உயிர்.

உன் வீட்டில் தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் உன் அறைத்தோழன்