கோயிலா டாக்டரா என்று ஏன் கேட்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், இளைஞர்கள் கடவுளை மறந்ததால்தான் மன அழுத்தம் பெருகிவிட்டது என்கிற தொனியில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லூரி விடுதிக் காப்பாளராகப் பல வருடம் பையன்களோடு மல்லுக்கட்டியவன் நான். கட்டுரை பாதிதான் சரி.

அந்தப் பாதியைக் கார்த்திகை மாதத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். எட்டு மணி வரை போர்வையை விலக்காதவன் மாலை போட்ட மறுநாளே விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கறுப்பு வேட்டியோடு வராண்டாவில் நிற்பான், சிகரெட்டும் பீரும் நின்றுபோகும், நடுராத்திரி வரை போனை நோண்டுவதும் குறைந்துவிடும். அரியரைச் சொல்லிச் சொல்லியே அவனை ஓட்டிக்கொண்டிருந்த சீனியர் "சாமி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பான். குருசாமி என்று ஒருவர், மெக்கானிக்காக இருப்பார் அல்லது மளிகைக் கடை வைத்திருப்பார், அவன் முகம் வாடினால் என்ன ஏது என்று விசாரிப்பார். இது ஐயப்பன் அருளா, நேரத்துக்குத் தூங்கி எழுந்து நாலு பேரோடு பஜனையில் உட்கார்ந்ததாலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது, பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. (மாலையைக் கழற்றிய கையோடு டாஸ்மாக் போகிறவர்களும் உண்டு, அது தனிக்கதை.)

2018-இல் வந்த ஹார்வர்டு ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. சிறு வயதில் வாரம் ஒரு முறையாவது வழிபாட்டுக்குப் போனவர்கள் இருபதுகளில் தங்களை மகிழ்ச்சியானவர்களாகச் சொல்ல 18 சதவீதம் கூடுதல் வாய்ப்பு, போதைப் பொருளைத் தொட 33 சதவீதம் குறைந்த வாய்ப்பு. சரி, ஆனால் அவர்கள் அமெரிக்க நர்சுகளின் பிள்ளைகள், பெரும்பாலும் வெள்ளையர்கள். அந்தக் கணக்கை அப்படியே உசிலம்பட்டிப் பையனுக்குப் போட முடியாது.

நம்ம ஊர் ஆய்வே இருக்கிறது. மனநோயோடு வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் கவனித்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தார்கள், நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. விசேஷப் பரிகாரம், பேயோட்டல் எதுவும் கிடையாது. கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, விரட்டாத ஜனங்கள், அவ்வளவுதான். அதற்காக மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை.

கட்டுரை தொடாத மறுபாதி, பயம். ஏழரைச் சனி முடியும் வரை எதுவும் உருப்படாது என்று ஜோசியர் சொன்னதைக் கேட்டுவிட்டு, பீஸ் கட்டிய பரீட்சைக்குக்கூடப் போகாமல் கட்டிலிலேயே கிடந்தான் ஒரு பையன். அப்பாவோ திருநள்ளாறுக்குக் கூட்டிப்போக லீவு கேட்டு என்னிடம் வந்தார். போய் வாருங்கள், வந்ததும் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் ஒரு நடை போய்விடுங்கள் என்றேன், முகம் சுருங்கிவிட்டது. இதில் மதபேதம் இல்லை. தூக்கம் வராமல் தவிக்கும் பிள்ளையிடம் "உனக்கு விசுவாசம் குறைவு", "தொழுகையை விட்டதால்தான்" என்று சொல்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். ஏற்கெனவே நொந்து கிடப்பவன் தலையில் பாவமூட்டையையும் ஏற்றி வைத்தால் எழுந்திருப்பானா?

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. அங்கேயே முடிகிறது என்றால் படித்த குடும்பங்களுக்கு என்ன தயக்கம்?

கடைசியாக உங்களிடமே ஒரு கோரிக்கை. வாராவாரம் ராசிபலன் போடுகிறீர்கள், சந்திராஷ்டம தினங்களைக் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள், போடுங்கள். அதே பக்கத்தின் அடியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். என் விடுதியில் எல்லோரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஒரு விடுதிக் காப்பாளர், திருச்சி