பட்டியல் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மருத்துவமனைத் தரம் என்றாலே புதுக் கருவிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து, 2006-இல் வெளியான ஆய்வு வேறு வழி காட்டியது. மையச் சிரைக் குழாய் (மருந்து செலுத்த, இதயத்தருகே உள்ள பெரிய சிரைவரை செல்லும் மெல்லிய குழாய்) செருகும்போது கை கழுவுதல், முழுத் தடுப்பு உடையும் கிருமி நீக்கிய விரிப்பும், குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை அகற்றுதல் ஆகிய ஐந்தே செயல்கள். ரத்தத் தொற்றின் சராசரி, 1,000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) 7.7-இலிருந்து பதினெட்டு மாதங்களில் 1.4 ஆகக் குறைந்தது.

இதைப் பின்பற்றுவோர் இந்த ஐந்து செயல்களின் பட்டியலை அச்சடித்து ஒட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். வேலை முடிந்தபின் மொத்தமாக 'டிக்' அடிக்கும் தாளால் யாருக்கும் பயனில்லை. மிச்சிகனில் தேவையான எல்லாப் பொருள்களும் ஒரே தள்ளுவண்டியில் இருந்தன. ஒரு படி விடுபட்டால் மருத்துவரை நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்கு இருந்தது. என் பார்வையில் இதுவே உயிர்நாடி. அதிகம் மறக்கப்படுவது கடைசிப் படி. தினசரி பார்வையின்போது "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்று ஒருவர் கேட்டே ஆக வேண்டும்.

குழாய் நாட்களையும் தினமும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். வெறும் தொற்று எண்ணிக்கை குறைந்தால், பராமரிப்பு மேம்பட்டதா, குழாய் போட்டவர்களே குறைவா என்று பிரித்தறிய முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்