சப்வூஃபரை எங்கே வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் ஹோம் தியேட்டர் மாட்ட வந்தவர், சப்வூஃபரை (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர் பெட்டியை) டிவி பக்கத்து மூலையில் தள்ளி, அதன் பின்னால் இருந்த வால்யூம் குமிழை முக்கால்வாசி திருப்பிவிட்டுப் போய்விட்டார். படத்தில் ஒரு கதவு சாத்தினாலும் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். என் அப்பாவுக்குக் காது சற்று மந்தம். பேச்சு புரியவில்லை என்பார், சத்தத்தைக் கூட்டுவோம், கூடவே உறுமலும் கூடும். கொஞ்ச நாளில் அவர் ஹாலுக்கு வருவதையே விட்டுவிட்டார். அதன் பிறகுதான் நானும் மகனும் கையேட்டைப் பிரித்து உட்கார்ந்தோம்.

40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் எட்டரை மீட்டர். பெரும்பாலான ஹால்கள் அதைவிடச் சிறியவை. சுவரில் பட்டுத் திரும்பும் அலை ஓரிடத்தில் குவிகிறது, இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகிறது. மூலையில் வைத்தால் குவிவது மிக அதிகம். அதனால் சப்வூஃபரைத் தூக்கி, நாங்கள் உட்காரும் சோபா மேலேயே வைத்தோம். பேஸ் கிடார் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேட்டோம். எந்த இடத்தில் பேஸ் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்தால் சோபாவிலும் அப்படியே கேட்கும். மூலையில் எல்லாச் சுரமும் ஒரே 'ம்ம்ம்'. ஜன்னலைத் தாண்டி இரண்டடி நகர்ந்ததும், "அம்மா, இங்க ஒவ்வொரு நோட்டும் தனியா கேக்குது" என்றான் மகன். சப்வூஃபர் இப்போது அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது கிராஸ்ஓவர், அதாவது எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் எல்லை. அது 150-க்கு மேல் இருந்தது. ஆண்குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85 முதல் 155 ஹெர்ட்ஸ் வரை. அந்தக் கனம் சப்வூஃபரிலும், மிச்சக் குரல் முன் ஸ்பீக்கர்களிலும் ஒலித்தால் பேச்சு எப்படித் தெளியும்? ரிசீவரில் (ஸ்பீக்கர்களையெல்லாம் இயக்கும் பெட்டியில்) முன் ஸ்பீக்கர்களை, தாழ்ந்த ஒலியை சப்வூஃபருக்கு விட்டுவிடும் 'ஸ்மால்' என்ற அமைப்புக்கு மாற்றி, கிராஸ்ஓவரை 80-இல் வைத்தோம். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது லேசில் பிரித்தறியாது. பிரிப்பதை ரிசீவரே செய்வதால், சப்வூஃபரிலுள்ள கிராஸ்ஓவர் குமிழை மிக உயர்ந்த அளவுக்குத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு தடவை வெட்டுப்படும். சப்வூஃபரின் அலை மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போக உதவும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பார்த்து, சோபாவில் பேஸ் நிறைந்து கேட்கும் பக்கம் விட்டோம்.

சப்வூஃபரின் வால்யூமைக் கடைசியில்தான் தொட்டோம். பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏற்றி, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி கும்மென்று ஒலித்து உடனே அடங்கும் இடத்தில் நிறுத்தினோம். சப்வூஃபர் ஓடுவதே தெரியக்கூடாது. அணைத்தால் மட்டும் ஏதோ குறைந்தது போலிருக்க வேண்டும். அளவைப் பாட்டை வைத்தே முடிவு செய்யுங்கள் என்பேன். படங்களில் வெடிச்சத்தம் போன்றவற்றுக்குத் தனி பேஸ் சேனலே உண்டு, அதற்கென்று கூட்டத் தேவையில்லை. குறைந்த சத்தத்தில் கேட்கும்போது பேஸ் மெலிவது காதின் இயல்பு, அப்போது இரண்டு மூன்று டெசிபல் ஏற்றலாம். இரவில் பெருஞ்சத்தங்களை அடக்கும் 'நைட் மோட்' போடுங்கள். தாழ்ந்த ஒலி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும், பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தை இருக்கலாம்.

புதுக் கருவிகளைப் பற்றி எழுதும்போது எத்தனை வாட், எத்தனை அங்குலம் என்பதோடு நிறுத்தாமல், இதையும் ஒரு படம் போட்டு விளக்கி வெளியிடுங்கள். அப்பா மறுபடி சோபாவில் வந்து உட்காருகிறார். போன வாரம், "சத்தத்தைக் கொஞ்சம் குறைம்மா" என்று அவரே சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி