லினக்ஸுக்கு மாறும் நம் வீட்டாருக்கு

மதுரை

அன்பு மகள் கயலுக்கு அம்மா எழுதுவது.

திருவிழாவுக்கு வரும்போது திருமங்கலம் அத்தை, சித்தப்பா, பெரியம்மா என்று எல்லார் கம்ப்யூட்டரையும் விண்டோஸிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறாய். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அந்தப் பழைய மிஷின்களை அப்படியே நெட்டில் விட்டுவைப்பது சரியில்லை. நல்ல காரியம், செய். ஆனால் நீ அனுப்பிய மென்பொருள் பட்டியலை அப்படியே யாருக்கும் போட்டுவிடாதே. அதில் மூன்று பிரவுசர் இருக்கிறது, நான்கு வீடியோ பிளேயர் இருக்கிறது. தமிழ் டைப்பிங்குக்கு ஒன்றுமில்லை, பிரின்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் ஊரில் லினக்ஸ் போட்டவர்கள் திரும்ப விண்டோஸுக்கு ஓடுவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். புதிதாக வருகிறவருக்கு ஒரு வேலைக்கு ஒரு மென்பொருள் போதும்; அது அவர்களுடைய பழைய ஃபைலைத் திறக்க வேண்டும், அவ்வளவே.

எந்த லினக்ஸ் என்று யோசித்து நேரத்தைக் கழிக்காதே. லினக்ஸ் மின்ட் 22 போடு. 2029 வரை அப்டேட் வரும். 4 ஜிபி ரேம் உள்ள மிஷினுக்கு அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தால் சின்னமன். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டச் சொல். எந்த மென்பொருள் மாற்றமும் தராத வேகத்தை அது தரும்.

8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் லேப்டாப் எழுகிறதா என்று பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டுப் பிரின்டரை மாட்டி ஒரு பக்கம் அடித்துப் பார். வேர்டு, எக்செல் ஃபைலைத் திறக்கும் லிப்ரே ஆபீஸ் அதிலேயே இருப்பதால், அவர்கள் தினமும் தொடும் நான்கைந்து ஃபைலையும் அங்கேயே திறந்து பார்த்துவிடலாம். இது சரியாக வராமல் 'இன்ஸ்டால்' பொத்தானைத் தொடாதே. நிறுவும்போது வீடியோ, பாட்டு ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட்டுவிடு. விட்டுவிட்டால் பெரியம்மாவின் கல்யாண வீடியோக்களில் சில ஓடாது.

இனி தமிழ். அத்தைக்கு இதுதான் எல்லாம். பள்ளிக்கு அவர் அடித்துத் தரும் வினாத்தாள் முழுக்கத் தமிழில்தான். கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தமிழ்99 என்று ஒன்று தெரியும். அதைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. அது வெறுமனே ஒரு சாவிக்கு ஓர் எழுத்து தருவது. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழ வேண்டும் என்கிற தமிழ்99 விதியெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்கு, அடிப்பதை விதிப்படி எழுத்தாக்கித் தரும் உள்ளீட்டு முறை என்கிற மென்பொருள் வேண்டும். மென்பொருள் மேலாளரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவு. மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து உள்ளே வா. பலர் இந்த லாக்அவுட்டைச் செய்யாமல் விட்டுவிட்டு, 'வேலை செய்யவில்லை' என்பார்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99 சேர். அத்தை டைப்ரைட்டிங் படித்தவர். அவருக்கு அதே பட்டியலில் 'டைப்ரைட்டர்' என்று இருப்பதைக் கொடு, விரல் தானாகப் போகும். ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துப் பழகிய தம்பிக்கு 'ஃபொனெடிக்'. மாற்றுவதற்கு விண்டோஸ் சாவியும் ஸ்பேஸும். அதை ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டு வா.

அதைவிடப் பெரிய சிக்கல் அத்தையின் பழைய ஃபைல்கள். பாமினி, வானவில் என்கிற பழைய ஃபான்டுகளில் அடித்தவை எல்லாம் யூனிகோடு இல்லை, அதாவது எல்லா மிஷினுக்கும் பொதுவான எழுத்து முறையில் இல்லை. உள்ளே ஆங்கில எழுத்துக்கான எண்கள்தான் இருக்கின்றன, அந்த ஃபான்ட் அதன்மேல் தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது. ஃபான்ட் இல்லாத மிஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பத்து வருட வினாத்தாளும் போய்விட்டது என்று அத்தை பதறிவிடுவார். அதனால் முதலிலேயே சொல்லி வை. உடனடித் தீர்வு, அவர் விண்டோஸில் வைத்திருக்கும் அதே ஃபான்ட் ஃபைலை எடுத்து இங்கே நிறுவுவது. ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்தால் நிறுவும் பொத்தான் வரும். அதன் பிறகு பழையது தெரியும், அச்சாகும். ஆனால் புதிதாக எதையும் அதில் அடிக்க வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவது. நெட்டில் மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன, ஆனால் இன்னும் நடக்காத பரீட்சையின் வினாத்தாளை அதில் ஒட்டக் கூடாது. பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்று ஒரு நூலகம் இருக்கிறது. பாமினி, வானவில் இரண்டையும் யூனிகோடாக்கும் பகுதி அதில் உண்டு, நெட் இல்லாமலே ஓடும். தம்பி காலேஜில் பைத்தான் படிக்கிறானே, அவனிடம் கொடு. மாற்றிய பிறகு ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் இடங்களையும், ஃபைலுக்குள் கலந்திருக்கும் ஆங்கில வார்த்தைகளையும் கண்ணால் பார்க்க வேண்டும். பாமினிக்கு நடுவே வந்த ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தமிழாக்கி வைத்துவிடும். கணக்கு, அறிவியல் தாளில் இது நிறைய வரும்.

லிப்ரே ஆபீஸில் இரண்டு இடத்தைச் சரிசெய். ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குப் போய், 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதில் தமிழைத் தேர்ந்தெடு. லிப்ரே ஆபீஸ் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி ஃபான்ட், தனித்தனி சைஸ் வைத்துக்கொள்ளும். ஸ்டைலில் ஒன்றை மட்டும் மாற்றினால் தமிழ் 12, ஆங்கிலம் 10 என்று வரி ஏறி இறங்கும். இரண்டையும் சமமாக வை. அடுத்து, லோடு/சேவ் பகுதியில் எப்போதும் வேர்டின் டாக்எக்ஸ் வடிவிலேயே சேமிக்கச் சொல்லிவிடு. பள்ளி ஆபீஸில் வேர்டுதான் இருக்கும்.

வேர்டு ஃபைல் இங்கே திறந்தால் வரி நகர்கிறது என்றால், லிப்ரே ஆபீஸைக் குறை சொல்வதற்கு முன் ஃபான்டைப் பார். வேர்டின் காலிப்ரி ஃபான்டுக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் காலடியா போட்டால் அகலம் ஒன்றாக இருக்கும், பக்கம் குலையாது. லதா, நிர்மலா போன்ற தமிழ் ஃபான்டுகளுக்கு அப்படி அளவு பொருந்தும் மாற்று கிடையாது. அதனால் இனி அடிப்பதை நோட்டோ சான்ஸ் தமிழில் அடிக்கச் சொல். அதை விண்டோஸிலும் இலவசமாகப் போடலாம். அச்சுக்குப் போவது எதுவானாலும் பிடிஎஃப் ஆக்கித்தான் போக வேண்டும். சிம்மக்கல் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனாலும் பிடிஎஃப் மாறாது.

பிரின்டர். அத்தை வீட்டில் இருப்பது கேனன் எல்பிபி 2900. நம் பக்கம் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை அதுதான், லினக்ஸில் அதிகம் தொல்லை கொடுப்பதும் அதுதான். அது பொதுவான மொழி எதையும் பேசாது. கேனனின் சொந்த கேப்ட் முறையில்தான் தகவல் கேட்கும், பிரின்டரை ஓட்ட கேனன் லினக்ஸுக்குத் தந்த டிரைவர் மென்பொருளும் மிகப் பழையது. பாடுபட்டு ஓட வைத்தாலும் அடுத்த பெரிய அப்டேட்டில் நின்றுபோகலாம், அப்போது நீ பக்கத்தில் இருக்க மாட்டாய். அத்தைக்கு அதைக் கட்டிவைத்துவிட்டுப் போகாதே. வாரத்துக்கு இரண்டு தாள் அடிப்பவருக்கு பிடிஎஃப் எடுத்துக் கடையில் அடிப்பதே நிம்மதி. புதிது வாங்குவதாக இருந்தால் 'ஏர்பிரின்ட்' என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பார்க்கச் சொல். அந்த வகைக்கு டிரைவரே தேவையில்லை. எப்சன் இங்க் டேங்க் மாடல்கள் பெரும்பாலும் escpr என்கிற டிரைவரில் ஓடும். பெரியம்மா வீட்டில் இருக்கும் எச்பி லேசர்ஜெட் 1020க்கு எச்பியின் லினக்ஸ் டிரைவரான எச்பிலிப் மட்டும் போதாது, கூடுதலாக ஒரு ப்ளகின் இறக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிரின்டர் பட்டியலில் தெரியும், கட்டளையையும் ஏற்கும், தாள் மட்டும் வராது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதை இயக்கும் ஃபர்ம்வேரை கம்ப்யூட்டர் உள்ளே ஏற்ற வேண்டிய மாடல் அது.

சித்தப்பாவின் கீழமாசி வீதிக் கடை மிஷினை மட்டும் தொடாதே. அவர் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் விண்டோஸுக்கு எழுதியது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். மாத முடிவில் ஜிஎஸ்டி கணக்கு நிற்கிற நேரத்தில் அது நின்றால் பொறுப்பு உன் தலையில் விழும். ஜிஎஸ்டியின் ஆஃப்லைன் டூலும் விண்டோஸை நம்பித்தான் இருக்கிறது. அந்த மிஷின் விண்டோஸ் 11 ஏற்குமா என்று பார். டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும். ஏற்காது என்றால் வேறு மிஷின் வாங்கச் சொல்வதுதான் நேர்மை.

மற்றவை சுருக்கமாக. நெட்டுக்கு ஃபயர்பாக்ஸ். வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் அதிகாரபூர்வ செயலி இல்லை, பிரவுசரிலேயே திறக்க வேண்டும். மின்ட்டில் இருக்கும் 'வெப் ஆப்ஸ்' கொண்டு அதை மெனுவில் தனி ஐகானாக வைத்துவிடு, பெரியம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. படம் பார்க்க விஎல்சி. பிடிஎஃப் பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க பிடிஎஃப் அரேஞ்சர்; அதன் மேல் எழுத, கையெழுத்துப் போட சோர்னல்++. போனிலிருந்து போட்டோ எடுக்க லோக்கல்சென்ட், இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். தம்பிக்கு பைத்தான் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. சி மொழி படிக்க பில்டு-எசென்ஷியல் தொகுப்பு, நிரல் எழுத ஜீனி. வைரஸ் ஸ்கேனர், குப்பை சுத்தம் செய்யும் கருவி எதையும் போடாதே. சுத்தம் செய்கிறேன் என்று தேவையானதை அழிக்கிற வேலையைத்தான் புதியவர்கள் அதில் செய்வார்கள். மென்பொருள் மேலாளரில் ஃப்ளாட்பேக் என்கிற தனித் தொகுப்பாக ஏதாவது வேண்டும் என்றால் முதல் தடவை அதன் அடித்தளமே பல நூறு எம்பி இறங்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பிக்காதே.

தம்பி விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறானாம். அப்படியானால் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்துவிடு. இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால், அதைத் திறக்கும் ரெகவரி கீயை எடுத்து வைத்த பிறகே டிஸ்கின் பிரிவுகளை (பார்ட்டிஷனை)த் தொடு. விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும், மிஷினுக்குள் இருக்கும் பயோஸ் கடிகார நேரத்தை விண்டோஸும் லினக்ஸும் வேறு வேறாகப் படிப்பதால். லினக்ஸ் டெர்மினலில் 'timedatectl set-local-rtc 1' என்று அடித்துக் கொடுத்தால் சரியாகும்.

எல்லாம் நிறுவி முடித்ததும் மின்ட்டில் இருக்கும் டைம்ஷிஃப்ட் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடு, ஏதாவது கெட்டால் சிஸ்டத்தை அந்த நிலைக்கே திருப்பலாம். தினசரி இரண்டு, வாராந்திரம் இரண்டு என்று வை, அதற்கு மேல் வைத்தால் சின்ன எஸ்எஸ்டி நிறைந்து மிஷின் திணறும். டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும். ஹோம் ஃபோல்டரில் இருக்கும் போட்டோவும் வினாத்தாளும் வழக்கமாக அதில் சேராது. அவற்றை வெளி டிஸ்கில் தனியாக எடுக்க வேண்டும், மின்ட்டிலேயே இருக்கும் பேக்கப் கருவி போதும். மாற்றுவதற்கு முன்னாலும் எல்லார் ஃபைலையும் அப்படி ஒரு டிஸ்கில் எடுத்தாக வேண்டும். அத்தையிடமும் பெரியம்மாவிடமும் இன்றே சொல்லி எடுத்து வைக்கச் சொல்கிறேன். அத்தையின் ஃபான்ட் ஃபைல்களையும் அதே டிஸ்கில் போடச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவிடம் நீயே பேசு தாயி, நான் சொன்னால் விலை கேட்டே ஒத்திப்போடுவார்.

அன்புடன்,
அம்மா