செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, விடுதி மற்றும் உணவக உரிமையாளர்களாகிய உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நமது சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மே மாதம் மட்டும் கூடவில்லை. கொடைக்கானலில் மே மாதத்தில் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க யாராலும் முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி அந்த மாதம் 7ஆம் தேதி, சுற்றுலா வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசிவிட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குரிய நேரத்தைப் பயிற்சி மாணவர்கள் விஷயத்துக்கே எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, “கேட்டரிங் படித்துவிட்டு வருகிறார்கள், ஒரு வேலையும் தெரியவில்லை” என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினோம், நானும் தட்டினேன். அந்தத் தெம்பில் துணைத்தலைவரும் நானும் நமக்கு மாணவர்களை அனுப்பும் ஒரு கல்லூரிக்கு நேரில் போனோம். துறைத்தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்து என் முன் விரித்தார். “திங்கள்: வெங்காயம் உரித்தேன். செவ்வாய்: வெங்காயம் உரித்தேன். புதன்: பூண்டு.” இப்படியே மூன்று வாரம். கீழே என் விடுதியின் முத்திரை, பக்கத்தில் என் கையெழுத்து.

தேசிய ஹோட்டல் மேலாண்மைக் கவுன்சிலின் பட்டப் படிப்பில் தொழிற்பயிற்சிக்கு 17 வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். சமையல், பரிமாறுதல், ரிசப்ஷன், அறைப் பராமரிப்பு ஆகிய நான்கையும் மாணவர் பார்த்துவிட வேண்டும் என்பதே நோக்கம். நாமோ சீசனுக்கு வந்த சம்பளமில்லாக் கைகளாகவே அவர்களை வைத்திருந்தோம். வெங்காயம் உரிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வேலை தெரியவில்லை என்றால் எப்படி?

எனவே ஆகஸ்டில் வந்த அணிக்குச் சுழற்சி அட்டவணை போட்டோம். ஒன்பது உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு துறை, ஒவ்வொரு துறையிலும் பொறுப்பாக ஒரு மூத்த பணியாளர், வாரக் கடைசியில் அரைமணி நேரப் பேச்சு. இவ்வளவுதான் திட்டம்.

முதல் வாரமே வேடிக்கை. சமவெளியிலிருந்து வந்த ஒரு மாணவர் கல்லூரிக் குறிப்பில் இருந்த நேரப்படி அரிசியை வடித்துவிட்டார். சோறு நறுக்கென்று நின்றது. மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. “தம்பி, மலையில் தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கும், அரிசி அவசரப்படாது” என்றார். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். முப்பது ஆண்டுகளாக மாஸ்டர் கைப்பழக்கத்தில் செய்துவந்ததற்குக் காரணத்தை அந்த மாணவர்தான் கணக்குப் போட்டுச் சொன்னார். மாஸ்டருக்கு ஒரே பெருமை.

இன்னொரு சமையலறையில் பாடம் எதிர்த்திசையில் நடந்தது. முதல் நாள் மீந்த குருமாவை ஜன்னலோரம் மூடி வைப்பது அங்கே வழக்கம்; ஊரே ஃப்ரிட்ஜ்தானே என்பது வாதம். ஒரு மாணவி வெப்பமானியை வைத்துப் பார்த்தார்: 13 டிகிரி. குளிரவைக்க வேண்டிய உணவு 5 டிகிரிக்குள், சூடாக வைக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல் என்பது அவர்கள் படித்த பாடம். நமக்குக் கம்பளி தேவைப்படும் குளிர் கிருமிக்குச் சுகமான காற்று. இப்போது அந்தச் சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவில் வெப்பநிலைத் தாள் தொங்குகிறது. உரிமையாளர் பெயரைச் சொல்லமாட்டேன், முன்வரிசையில்தான் இருக்கிறார்.

ரிசப்ஷனில்தான் உண்மையான குறை தெரிந்தது. கைக்குட்டையை அன்னமாக மடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, கோபமாக நிற்கும் விருந்தினரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஒரே அறை இரண்டு பேருக்குப் பதிவாகிவிடும். குழந்தை தூங்கி விழும், அப்பா கத்துவார். இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. மாலை வேளைகளில் மேலாளர் ஒருவரையே கோபக்கார விருந்தினராக நிற்கவைத்து ஒத்திகை நடத்தினோம். டிசம்பரில் நிஜமாகவே அப்படி நடந்தபோது, பயிற்சியில் இருந்த பெண் மேலாளரைத் தேடி ஓடவில்லை. “தவறு எங்களுடையது, முதலில் உட்காருங்கள்” என்று சொல்லி டீ வரவழைத்தார். பக்கத்து விடுதியில் அறை பேசி, வித்தியாசக் கட்டணத்தை விடுதியே ஏற்கும் என்பதற்கு மேலாளரிடம் தொலைபேசியில் ஒப்புதலும் வாங்கிவிட்டார். அந்தக் குடும்பம் மறுநாள் காலைச் சிற்றுண்டிக்கு இங்கேயே வந்தது.

ஆங்கிலம் போதவில்லை என்று பல உறுப்பினர்கள் எழுதியிருந்தீர்கள். என் கருத்து சற்று வேறு. நம் ஊருக்குக் கேரளத்திலிருந்து வருவோர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். மலையாளத்தில் பத்து வாக்கியம், இந்தியில் பத்து வாக்கியம், பிழையில்லாமல் ஒரு மின்னஞ்சல் எழுதும் அளவுக்கு ஆங்கிலம்: இதையே கல்லூரியிடம் கேட்டிருக்கிறோம். வெளிநாட்டு விருந்தினர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் ‘சி’ படிவத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவேற்றுவதையும் கணினியில் செய்து காட்டும்படி கேட்டோம். ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு அவர்களுடைய ஆசிரியர் இருவர் ஜனவரியில் நம் விடுதிகளில் ஒரு வாரம் வேலை பார்த்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு விடுதிகள் பாதியில் அட்டவணையைக் கைவிட்டன. மாணவிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் கிடைக்காததால் இருவர் திரும்பிப் போனார்கள். இது நமக்கு வெட்கம். உதவித்தொகை விடுதிக்கு விடுதி மாறுகிறது. தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிந்தால் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசு தருகிறது. பதிந்தவர் நம்மில் மூவரே. படிவத்தை நிரப்பத் தெரியாதவர்களுக்குச் சங்க அலுவலகத்தில் உதவி உண்டு.

அடுத்த அணி ஜூனில் வருகிறது. மாணவிகளுக்கு அறை ஒதுக்கித் தர இயன்றவர்கள் இன்று மதிய உணவுக்கு முன் என்னிடம் பெயர் கொடுத்துவிட வேண்டுகிறேன். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்