பரண் டிக்கெட்டுக்குப் பணம் வாங்கி, லாலான் புல்லில் நிற்க வைத்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
பரண் டிக்கெட் நான்கு வாங்கிய வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
'வள்ளி திருமணம்' நாடக ஏற்பாட்டு நிறுவனம்,
கோலாலம்பூர்.

பொருள்: முழுப் பணத்தையும் என் அம்மாவின் கைத்தடியையும் திருப்பிக் கேட்டு.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீங்கள் போட்ட, பார்வையாளர்கள் நடிகர்களோடு நடந்தோ பரண் மேல் உட்கார்ந்தோ பார்க்கும் 'வள்ளி திருமணம்' நாடகம் பற்றி உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஆங்கிலத்தில் ஒரே பதில் வந்தது, அதுவும் ஒரே நிமிடத்தில். விளம்பரத்தை மட்டும் தமிழில் போடத் தெரிந்திருக்கிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. தொலைபேசியில் பதினொரு முறை கூப்பிட்டேன். பதினொன்றாவது முறை பேசிய தம்பியைப் பற்றிக் கடைசியில் எழுதலாம் என்றிருந்தேன். வேண்டாம், இப்போதே எழுதிவிடுகிறேன். அதை நினைத்து நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது.

எழுபத்தெட்டு வயது அம்மாவைச் சேற்றில் நிற்க வைத்தீர்களே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தம்பி சிரித்தார். சிரித்துவிட்டு, "நாரதர் கலகம் நன்மையில் முடியும் ஆன்ட்டி, விடுங்க" என்றார். பின்னால் யாரோ கூடச் சேர்ந்து சிரித்ததும் எனக்குக் கேட்டது.

நாரதரைப் பற்றி அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் ஐயா. என் பெரிய மாமா இதே தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நாரதர் வேஷம் கட்டியவர். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு, மாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒத்திகை பார்ப்பாராம். சப்ளாக்கட்டையைக் கூட அவரே ரப்பர் கட்டையில் செதுக்கிக்கொண்டார். அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவர்தான் என் அம்மா. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் பாதியை இன்றும் மனப்பாடமாகச் சொல்வார். அதற்காகத்தான் டிக்கெட் வாங்கினேன். உங்கள் விளம்பரத்தில் இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் படமும், கீழே 1867 - 1922 என்றும் பார்த்தவுடன் அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நம்ம தோட்டத்துலயா?" என்று கேட்டார். அன்றே தீபாவளிக்கு எடுத்த காஞ்சிபுரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

பரண் டிக்கெட் ஒன்று 188 வெள்ளி (ரிங்கிட்). நான்குக்கு 752. அதோடு பதிவுக் கட்டணம் 16 வெள்ளி. நடக்கிற டிக்கெட் பாதி விலைக்குக் கிடைத்தது. அம்மாவின் முழங்காலுக்காகத்தான் பரண் கேட்டேன், பதிவு செய்யும்போது அதற்கான கட்டத்தில் எழுதவும் செய்தேன். உங்களிடம் அந்தப் பதிவு இருக்கும், பாருங்கள்.

உள்ளே போகக் கையில் கட்ட வேண்டிய கைப்பட்டையின் கதைக்கு வருகிறேன். நாடகம் நடப்பது என் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில். கைப்பட்டையை வாங்க வேண்டியதோ ஈப்போவில்! போக வர அறுபது கிலோமீட்டர். புதன்கிழமை போனேன். கவுண்டரில் 'தூத்துப்' (மூடியிருக்கிறது) என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, ஆள் இல்லை. மறுநாள் போனேன். நான்கு பேரின் அசல் அடையாளக் கார்டும் வேண்டும், பெரியவர்கள் என்றால் நேரிலேயே வர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது முறை போனேன். நடுவெயில், மின்தூக்கி வேறு பழுது. மூன்று மாடி ஏறி வந்து அம்மா கார்டை நீட்டினால், அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்கு பச்சைப் பட்டையை மேசையில் தள்ளிவிட்டார். பச்சை என்றால் நடக்கிற கூட்டம் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நாடகத்தன்று மூங்கில் கேட்டில் என்ன நடந்தது என்பதை உங்கள் ஆட்களே எழுதி வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். மழை பெய்து பரண் வழுக்குகிறது, எல்லோரும் நடந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள். சரி, மழை உங்கள் கையில் இல்லை. பரண் இல்லையென்றால் நான்கு நாற்காலி போடலாமே என்றேன். "நாற்காலி போட்டா ஃபீல் போயிடும்" என்றார் வாக்கி டாக்கி வைத்திருந்தவர். அப்புறம் அம்மாவின் கைத்தடியைப் பார்த்து, நடிகர்கள் கூட்டத்துக்குள் ஓடுவார்கள், ஆபத்து என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். உங்கள் முருகன் வேலோடு வரலாம், எங்கள் அம்மா கைத்தடியோடு வரக்கூடாதா? தண்ணீர்ப் போத்தலையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

உள்ளே போனால் தினைப்புனம் என்று நீங்கள் வைத்திருந்தது லாலான். தோட்டத்தில் பிறந்தவர்களிடமா இதைக் காட்டுவது? அம்மா ஒரு தாளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் பிடுங்கிப் பிடுங்கித்தானேடி எனக்கு இடுப்பே போச்சு. இதுக்கா காசு குடுத்த?" என்றார். நான் என்ன பதில் சொல்வது?

காதில் மாட்டக் கொடுத்த கருவிகளில் இரண்டில் சார்ஜ் இல்லை. ஒன்று அம்மாவுடையது. ஆர்மோனியமும் பாட்டும் அதில்தான் கேட்கும் என்று நீங்களே வடிவமைத்திருக்கிறீர்கள். அதனால் அம்மாவைப் பொறுத்தவரை நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யவில்லை, வாயை வாயை அசைத்தார்கள். விடிய விடிய நடக்கும் நாடகத்தைத் தொண்ணூறு நிமிடமாக வெட்டியதை நான் குறை சொல்லவே இல்லை, காலம் அப்படி. ஆனால் மிச்சம் வைத்ததையாவது காதில் விழ வைக்க வேண்டாமா?

தேனும் தினைமாவும் கொடுத்த இடத்தை மட்டும் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. கிழவர் வேஷத்து முருகனுக்கு வள்ளி கொடுக்கும்போதே எங்களுக்கும் காகிதக் குவளையில் கொடுத்தார்கள். மாவு உலர்ந்த மாவு, தேன் அடியில் ஒரு சொட்டு. அம்மாவுக்கு நெஞ்சை அடைத்து விக்கல் எடுத்தது. அந்தக் கட்டத்தில் கிழவருக்கும் விக்கல் வரும், உங்களுக்குத் தெரியும். அங்கே அவர் விக்குகிறார், இங்கே அம்மா விக்குகிறார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். உங்கள் ஊழியர் ஒருவர் ஓடி வந்து, தண்ணீர்தான் கொண்டு வருகிறார் என்று நினைத்தேன், "சூப்பர் பாட்டி, கண்டினியூ" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். வள்ளி கையிலிருந்த சுனைத் தண்ணீர்க் குடத்தை நான் கூச்சத்தை விட்டுவிட்டுக் கேட்டே வாங்கினேன். காலிக் குடம். என் கணவர் லாலானைத் தாண்டி மூங்கில் கேட்டுக்கு ஓடி, எங்கள் போத்தலையே கெஞ்சி வாங்கிவர எட்டு நிமிடம் ஆனது. அன்று அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் இப்படி உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். யானை வந்தபோது நாங்கள் வெளியே ரப்பர் பால் ஸ்தோர் படிக்கட்டில் இருந்தோம். கல்யாணத்தையும் பார்க்கவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பால சபை வைத்துச் சின்னஞ்சிறு பையன்களுக்கே பாடம் சொல்லி மேடையேற்றியவர். அவர் படத்தைப் போட்டுச் சம்பாதிக்கிற நீங்கள், உங்கள் ஆட்களுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கவாவது சொல்லித் தரக்கூடாதா? அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் நீங்கள் தந்தது கோலாலம்பூர் காட்சிக்கு இருபது விழுக்காடு விலைக் கழிவு. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மறுபடியும் நிற்க வேண்டுமாம்.

எனக்குச் சண்டை போட ஆசை இல்லை. டிக்கெட்டும் பதிவுக் கட்டணமும் 768 வெள்ளி, மூன்று நடை பெட்ரோலும் பார்க்கிங்கும் 95, கிளினிக் 85, செம்மண் கறை போகாத காஞ்சிபுரம் 350. அம்மா ஒரு வாரமாகச் சாமியறையில் கூடப் பாடவில்லை. அந்த மன உளைச்சலுக்கு 5,000 கேட்கிறேன், அதுகூடக் குறைவுதான். மொத்தம் 6,298 வெள்ளி. பதினான்கு நாளைக்குள் தந்துவிட்டால் நல்லபடியாக முடித்துக்கொள்ளலாம். நீங்களும் தமிழர்கள், கலைக்காகத்தான் இறங்கியிருப்பீர்கள் என்று இன்னமும் நினைக்கிறேன்.

இல்லையென்றால் பயனீட்டாளர் கோரல் தீர்ப்பாயத்துக்குப் போவேன். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, பதிவுக்கு 5 வெள்ளிதான். உங்கள் தினைமாவுக் குவளையைவிட மலிவு. பாரத்தை ஏற்கெனவே நிரப்பி வைத்துவிட்டேன். அந்தத் தம்பி பேசிய நாளும் நேரமும் அதில் இருக்கிறது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தொலைபேசியில் கேட்டால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
பரண் டிக்கெட் வாடிக்கையாளர்

பி.கு.: கைத்தடியை நாங்கள் கிளம்பும்போது கேட்டதற்கு, தேடிப் பார்த்து அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை. கிழவர் வேஷக்காரர் ஊன்றி வந்தது தன்னுடைய தடிதான் என்று அம்மா அடித்துச் சொல்கிறார். நான் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தடியின் நுனியில் சாம்பல் நிற ரப்பர் இருந்தது, பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணியைச் சுற்றியது நான்.